இலவச நாற்காலியும் ஏறி நிற்கும் மேடையும்: நியூயார்க் பப்ளிக் தியேட்டரின் ‘பப்ளிக் வொர்க்ஸ்’ குறித்து

பதிவு 1: குவீன்ஸ்வாசி

சென்ற மாதம் வேறோர் இழையில் நியூயார்க் பப்ளிக் தியேட்டரின் கோடைக்கால நாடகங்களை நான் புகழ்ந்து எழுதியிருந்தேன். அப்போது நண்பர் கூலிக்கணக்கு, “காசு வாங்காமல் காட்டினால் அது மக்கள் அரங்கமாகிவிடுமா?” என்று கேட்டார். ஒரு வரியில் ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். கேள்வி என்னை விடவில்லை. ஆகவே தனி இழை.

முதலில் கொஞ்சம் பழங்கதை. புரூக்ளினில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த, பப்ளிக் தியேட்டரின் நிறுவனர் ஜோசப் பாப், 1954-இல் மான்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொடங்கினார். 1957-இல் லாரியின் மேல் மேடை கட்டிக்கொண்டு நகரின் பேட்டைகளுக்குப் போனார். 1959-இல் பூங்காத் துறைத் தலைவர் ராபர்ட் மோசஸ், “கூட்டம் புல்தரையைப் பாழாக்குகிறது, நுழைவுக் கட்டணம் வசூலித்தால்தான் அனுமதி” என்றார். பாப் மறுத்தார், வழக்காடினார், மேல்முறையீட்டில் வென்றார். 1962-இல் சென்ட்ரல் பார்க்கில் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கம் எழுந்தது. ஏறத்தாழ 1,800 இருக்கைகள், அத்தனையும் இலவசம். காசு கேட்கக் கூடாது என்பதற்காக ஒரு நாடகக்காரர் நீதிமன்றப் படியேறிய கதை எனக்கு இன்றும் பிடித்த கதைதான்.

ஆனால் விடியற்காலையிலிருந்து அந்த வரிசையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இலவசச் சீட்டுக்கு விலை பணமாக இல்லை, நேரமாக இருக்கிறது. வார நாளில் அரை நாளை வரிசைக்குக் கொடுக்க முடிந்தவர் யார்? விடுமுறையில் இருப்பவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர், சுற்றுலா வந்தவர். நன்கொடை அளிப்பவருக்கு இருக்கை ஒதுக்கும் ஏற்பாடும் இருந்தது. கூலிக்கு வரிசையில் நிற்பவர்களும் கிளம்பியதால், 2010-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரே தலையிட்டு அந்த விளம்பரங்களைத் தடுக்க வேண்டியதாயிற்று. நூலகங்கள் வழியாகவும் குலுக்கல் வழியாகவும் சீட்டு வழங்கியதற்கு இந்தப் பின்னணியும் காரணம் என்று நினைக்கிறேன்.

நகர மக்களையே மேடையேற்றும் இதே அரங்கத்தின் ‘பப்ளிக் வொர்க்ஸ்’ திட்டம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கியது. யார் பார்க்கிறார்கள் என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, யார் நடிக்கிறார்கள் என்று கேட்டது. இயக்குநர் லியர் டெபெசொனெட் முன்னெடுத்த இத்திட்டத்தின் முதல் நாடகம், ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’, 2013 செப்டம்பரில் மூன்று இரவுகள் நடந்தது. மேடையில் சுமார் இருநூறு பேர். தொழில்முறை நடிகர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் பிரவுன்ஸ்வில் பொழுதுபோக்கு மையத்தின் முதியவர்கள், பிராங்க்ஸின் ட்ரீம்யார்ட் கலைக்கல்வி அமைப்பின் பிள்ளைகள், சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியின் பிள்ளைகள், வீட்டுப் பணியாளர் அமைப்பின் பெண்கள், சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கான ஃபார்ச்சூன் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு டாக்சி ஓட்டுநர்கள், மெக்சிகோ நடனக் குழு, ஜப்பானியப் பறை, தேவாலயப் பாடற்குழு. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், ஊர் கூடி இழுத்த தேர்.

2017-இல் ‘ஆஸ் யூ லைக் இட்’ பார்த்த இரவில் ஒரு காட்சி. கூட்டமாகப் பாடிக்கொண்டே படியிறங்கும் இடம். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் இரண்டாம் படியில் தயங்கினார். அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பத்து வயதுப் பையன் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். அவரும் பார்க்காமலே பற்றிக்கொண்டார். பாட்டின் ஓர் அடிகூடத் தவறவில்லை. அது ஒரு நாளில் வரும் பழக்கமன்று. பல வாரங்கள் ஒரே அறையில் ஒத்திகை பார்த்தவர்களுக்கே வரும். இதுதான் அந்தக் கேள்விக்கு என் பதில் என்று எழுத நினைத்தேன். போதுமா?

பதிவு 2: கூலிக்கணக்கு

போதாது. காட்சியை நீங்கள் எழுதிய விதம் நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்களே ஒரு வேலி போட்டுவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்: “தொழில்முறை நடிகர்கள் ஒரு கையின் விரல்களுக்குள்.”

அந்த நாலைந்து பேர் 1913-இல் தொடங்கிய ‘ஆக்டர்ஸ் ஈக்விட்டி’ நடிகர் சங்கத்தின் ஒப்பந்தப்படி ஊதியம் பெறுபவர்கள். மற்ற நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் தன்னார்வலர்கள். சமத்துவத்தைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல் சங்கத்தின் பெயராக ஒரு பக்கம் நிற்க, அதே மேடையில் மறுபக்கம் சம்பளமே இல்லாதவர்கள் நிற்கிறார்கள். வேடிக்கைதான். அரங்கத்துக்கு நற்பெயர், நன்கொடையாளருக்கு மனநிறைவு, விமர்சகருக்குக் கண்ணீர். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன? அவர் கோடை முழுவதும் மாலைகளைக் கொடுத்திருக்கிறார். மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு மாலை என்பது சும்மா கிடப்பதில்லை; அதற்கு விலை உண்டு.

நான் முப்பது ஆண்டுகள் மேடைக்குப் பின்னால் விளக்குத் தூக்கியவன். “உனக்கு இது நல்ல அனுபவம்” என்று சொல்லிக் கூலியைக் குறைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இந்தச் சொல்லைக் கேட்டாலே காது கூர்மையாகிவிடுகிறது.

பதிவு 3: ஈஸ்ட்ஹாம் தமிழச்சி

கூலிக்கணக்கு அண்ணாவின் கேள்வி லண்டனிலும் கேட்கப்பட்டதுதான். நியூயார்க்கைப் பார்த்து இங்கே நேஷனல் தியேட்டர் ‘பப்ளிக் ஆக்ட்ஸ்’ என்ற பெயரில் அதே முறையைத் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் அதன் ஒலிவியர் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘பெரிக்ளிஸ்’. எமிலி லிம் இயக்கம், இருநூறுக்கும் மேற்பட்ட மக்கள் நடிகர்கள். பங்கேற்ற அமைப்புகளில் வீடற்றோருக்கான தேம்ஸ் ரீச், என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பிராம்லி-பை-போ மையம் ஆகியவையும் இருந்தன. அகதியாக அலையும் ஓர் அரசனின் கதையை, கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் பலர் சேர்ந்து சொன்னபோது, எங்களைப் போன்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நான் அதில் நடிக்கவில்லை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெயர் சொல்ல விரும்பாத வேறோர் அரங்கம் எங்கள் பகுதியில் நடத்திய சமூக நாடகத்தில் சேர்ந்திருந்தேன். அந்த அனுபவத்தைச் சொன்னால்தான் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது புரியும்.

எட்டு வாரப் பயிற்சி. மிக நன்றாக நடந்தது. பிள்ளைகளை அழைத்து வரலாம் என்றார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒத்திகை மாலை ஆறு மணிக்கு. எனக்குத் தெரிந்து நான்கு தாய்மார் மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும். வேலையிலிருந்து நேராக வந்தவர்களுக்கு அது இரவுச் சாப்பாடு. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். அதற்கடுத்த வாரம் நான் மின்னஞ்சல் அனுப்பினேன், அடுத்து என்ன என்று. நிதிக் காலம் முடிந்துவிட்டது, ஒருங்கிணைப்பாளர் இப்போது இங்கே பணியில் இல்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. தானியங்கிப் பதில்! நான் கோபப்பட்டது சம்பளம் தராததற்காக அல்ல, அண்ணா. என்னை அழைத்து உட்காரவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதற்காக.

அதனால் நான் பார்ப்பது மூன்றை: சாப்பாடு உண்டா, பேருந்துக் காசு உண்டா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா. நான்காவதாக, அடுத்த ஆண்டும் அதே முகம் கதவைத் திறக்குமா?

பதிவு 4: குவீன்ஸ்வாசி

தமிழச்சி அக்கா சொன்ன நான்காவது கேள்வியைத்தான் நான் முதல் பதிவில் தவறவிட்டேன். மூன்று இரவுக் காட்சியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, ஆண்டு முழுவதும் நடப்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. பப்ளிக் வொர்க்ஸின் உடல் அந்த வகுப்புகள்தாம். கோடை நாடகம் அதன் முகம். கூட்டாளி அமைப்புகளின் சொந்த இடங்களிலேயே, பிரவுன்ஸ்வில்லில், பிராங்க்ஸில், சன்செட் பார்க்கில், நடிப்பு, பாட்டு, நடனம் என்று வகுப்புகள் நடக்கின்றன; அங்கே வருபவர்கள் பப்ளிக் தியேட்டரின் மற்ற நாடகங்களுக்கும் அழைக்கப்படுகிறார்கள். ஆட்களைத் தேடி அரங்கம் போகிறது. 1957-இல் பாப்பின் லாரி செய்ததும் இதுதான். அந்த லாரியின் வாரிசான ‘மொபைல் யூனிட்’ 2010-இல் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்துடன் சிறைகளுக்கும் வீடற்றோர் காப்பகங்களுக்கும் மீண்டும் புறப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளிகளைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லவேண்டும், ஏனெனில் இவர்களை “பயனாளிகள்” என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. வீட்டுப் பணியாளர்களின் அமைப்பான டொமெஸ்டிக் ஒர்க்கர்ஸ் யுனைடெட் முன்னின்று போராடியதால்தான், 2010-இல் நியூயார்க் மாநிலம் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். ஃபார்ச்சூன் சொசைட்டியின் கதை இன்னும் விந்தையானது. 1967-இல் ‘ஃபார்ச்சூன் அண்ட் மென்ஸ் ஐஸ்’ என்ற சிறைச்சாலை நாடகம் நியூயார்க்கில் நடந்தபோது, காட்சி முடிந்ததும் பார்வையாளர்களுடன் உரையாடல் நடத்தினார்கள். சிறையில் இருந்தவர்கள் எழுந்து பேசத் தொடங்கினார்கள். நாடகத்தைத் தயாரித்த டேவிட் ராத்தன்பர்க் அந்தப் பேச்சுகளிலிருந்து தொடங்கியதுதான் இந்த அமைப்பு. பெயர்கூட நாடகத்திலிருந்து வந்தது. மேடை பெற்றெடுத்த அமைப்பு 46 ஆண்டுகள் கழித்து மேடைக்குத் திரும்பியது. அரங்கம் இவர்களுக்குக் கலையைக் “கொண்டுபோய்க் கொடுத்தது” என்று எப்படிச் சொல்வது?

சம்பளம் பற்றி: நண்பர் கூலிக்கணக்கு சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் சம்பளம் என்று வந்தவுடன் அது வேலையாகிறது. வேலை என்றால் தேர்வு வரும். தேர்வு வந்தால் அந்தப் படியில் தயங்கிய அம்மையார் முதல் சுற்றிலேயே வெளியேறியிருப்பார். அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடற்குறையாலோ முதுமையாலோ அரசு உதவித்தொகை பெறுபவர் சிலருக்கு, சிறு வருமானம் வந்தாலும் உதவித்தொகையில் வெட்டு விழும். கொடுத்த கையே பறித்ததாகிவிடும்.

பதிவு 5: நெறியாளர்

ஊதியம் பற்றிய விவாதம் நாகரிகமாக நடப்பது மகிழ்ச்சி. தமிழ்நாட்டு அரசு விருதுகள் பற்றிய மூன்று பதிவுகள் பொருந்தாததால் வேறு இழைக்கு மாற்றப்பட்டன.

பதிவு 6: சாக்பீஸ்

நான் பிராங்க்ஸில் பள்ளி ஆசிரியர். பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் வருவோம்.

இளையோர் கலைத் திட்டம் என்றாலே “திறமையைக் கண்டெடுத்தோம்” என்ற பேச்சு வந்துவிடும். நூறு பிள்ளைகளில் ஒருத்தி பிற்காலத்தில் நடிகையானால் அவளுடைய படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போடுவார்கள். மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு என்ன நடந்தது என்பதே எனக்குக் கேள்வி. என் வகுப்பில் ஒரு மாணவன், பெயர் வேண்டாம், வாய் திறந்து ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லமாட்டான். திக்குவாய் இல்லை, வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி, இரண்டிலும் தவறு கண்டுபிடிக்க ஆள் உண்டு என்ற பயம். நாடக வகுப்பில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அந்த வரியை அவன் மூன்று வாரம் சுமந்துகொண்டு திரிந்தான். மதிய உணவு வரிசையில் முணுமுணுப்பான், படிக்கட்டில் முணுமுணுப்பான். மேடையில் சொன்னபோது சற்று அவசரமாகத்தான் சொன்னான். அடுத்த திங்கட்கிழமை வரலாற்று வகுப்பில் கையைத் தூக்கி, “நீங்கள் சொன்ன ஆண்டு தவறு” என்றான். தவறுதான். ஆண்டறிக்கையின் எந்தக் கட்டத்தில் இதை நிரப்புவது?

ஒரு குறையையும் சொல்கிறேன். பிள்ளைகள் எதை நடிக்கிறார்கள்? பப்ளிக் வொர்க்ஸ் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரையும் ஹோமரையும் எடுக்கிறது. அந்தக் கதைகளைப் பேட்டைக்காரர்களும் தம்முடையவையாக்கிக்கொள்ளலாம் என்ற கருத்து எனக்கு உடன்பாடே. ஆனாலும் கூட்டாளிகளின் கதையே ஏன் பெரிய மேடைக்கு வரக்கூடாது? இதில் லண்டன் நேஷனல் தியேட்டரின் ‘கனெக்‌ஷன்ஸ்’ முறை எனக்குப் பிடிக்கும். 1995-இலிருந்து பதின்ம வயதினர் நடிப்பதற்கென்றே ஆண்டுதோறும் எழுத்தாளர்களிடம் புதிய நாடகங்கள் எழுதி வாங்குகிறார்கள். பள்ளிகளும் இளையோர் குழுக்களும் அவற்றைத் தங்கள் ஊரில் நடித்து, பிறகு அருகிலுள்ள பெரிய அரங்கிலும் நடிக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பதினைந்து வயதுப் பெண்ணின் பாத்திரமே கிடைக்கிறது. தாடி ஒட்டிக்கொண்டு அரசனாக நிற்க வேண்டியதில்லை.

பதிவு 7: கூலிக்கணக்கு

சாக்பீஸ் எழுதியதைப் படித்துவிட்டு அந்த மாணவனுக்காக மகிழ்ந்தேன். உதவித்தொகை பற்றிக் குவீன்ஸ்வாசி சொன்னதையும் ஏற்கிறேன்; அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. அப்படியானால் என் கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். தனிமனிதருக்குச் சம்பளம் வேண்டாம். ஆனால் கூட்டாளி அமைப்புக்கு? படைப்பின் மீதான உரிமையில்?

2016-இல் மக்கள் நடிகர்களோடு உருவான ‘ட்வெல்ஃப்த் நைட்’ இசை நாடகம், ஷைனா டாப் பாடல்கள் எழுதியது, இன்று பல ஊர்களில் உரிமம் பெற்று மேடையேறுகிறது. 2019-இல் இதே திட்டத்தில் டிஸ்னியின் ‘ஹெர்குலிஸ்’ மேடையேறியது. பிறகு அது நியூ ஜெர்சி, ஹாம்பர்க் என்று போய், 2025-இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் முழு வணிகத் தயாரிப்பாக வந்து நின்றது. வழியில் நிறைய மாற்றி எழுதினார்கள் என்பது தெரியும். பாடலாசிரியர்களும் எழுத்தாளர்களும் உரிமத்தொகை பெறுவது நியாயம். ஆனால் ஒரு பாட்டு இருநூறு பேர் வாயில் எப்படி நிற்கும், எங்கே மூச்சு வாங்கும், எங்கே கூட்டம் சிரிக்கும் என்று சோதித்துப் பார்க்கக் கிடைத்த இடம் அந்த மேடை. வணிகத் தயாரிப்பாளர் அதற்குப் பயிற்சிப் பட்டறை என்று பெயர் வைத்துப் பெரும் பணம் செலவழிப்பார். தேரை ஊர் கூடி இழுத்தது சரி. தேர் நிலைக்கு வந்தபின் அது யாருடைய கொட்டகையில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 2023 ஜூலையில் பப்ளிக் தியேட்டர் தன் ஊழியரில் 19 விழுக்காட்டினரைக் குறைத்தது. அதே காலத்தில்தான் டெலகோர்ட்டைப் புதுப்பிக்க ஏறத்தாழ 8.5 கோடி டாலர் திட்டம். கல்லுக்கு இருக்கும் காசு ஆளுக்கு இல்லை.

பதிவு 8: குவீன்ஸ்வாசி

உரிமை பற்றிய கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. கூட்டாளி அமைப்புகளுக்கு ஒரு சிறு பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுவது நடக்கவே முடியாத காரியமன்று. மேடையில் கூட்டாளி, கணக்கேட்டில் விருந்தாளி என்ற நிலை நல்லதல்ல.

கல்லும் ஆளும் என்று பிரித்ததில் மட்டும் சிறு திருத்தம். கட்டடத்துக்கு நகர அரசு தரும் மூலதன நிதியைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. பொது நிதியில் உள்ள நெடுநாள் வியாதி அது. அந்தக் கட்டட வேலையிலும் ஒரு பகுதி நம் பொருளைத் தொடுவதுதான். 2025 ஆகஸ்டில் அரங்கம் மீண்டும் திறந்தபோது, பார்வையாளர் பகுதியில் மட்டுமன்றி மேடைக்குப் பின்புறத்திலும் சக்கர நாற்காலியில் வருவோருக்கான வசதிகள் மேம்பட்டிருந்தன. பார்க்க வருபவருக்குச் சாய்தளம் கட்டும் அரங்குகள் பல. நடிக்க வருபவருக்கும் கட்ட வேண்டும் என்று ஓர் அரங்கத்துக்குத் தோன்றியதென்றால், மேடையில் யார் ஏறுகிறார்கள் என்ற கேள்விக்கும் அதில் பங்கிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆட்குறைப்பு பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் வருத்தமே. பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்க அரங்குகள் பலவற்றுக்கும் செலவு ஏறி வரவு இறங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் எதை முதலில் வெட்டுகிறார்கள் என்பதில்தான் அரங்கத்தின் மனம் தெரியும். அந்த 2023-இலேயே, புதுப்பிப்புக்காக டெலகோர்ட் மூடப்படுவதற்கு முன் கடைசியாக அங்கே நடந்த நாடகம், பப்ளிக் வொர்க்ஸின் புதிய ‘டெம்பெஸ்ட்’.

‘டெம்பெஸ்ட்’ என்றதும் ஒரு கிளைக்கதை. 1916-இல், ஷேக்ஸ்பியர் மறைந்த 300-ஆம் ஆண்டில், பெர்சி மெக்கே என்பவர் அதே நாடகத்தில் தீவின் அடிமையாக வரும் காலிபனை வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியூயார்க் மக்களை மைதானத்தில் நடிக்க வைத்தார். டெபெசொனெட் தம் திட்டத்துக்குத் தூண்டுதலாகச் சொல்வது அதைத்தான். மெக்கேயின் கதையில் காலிபன், கலையால் “நாகரிகம்” கற்றுக்கொள்ள வேண்டிய காட்டான். வந்தேறிகளைப் பார்த்த அன்றைய மேட்டிமைக் கண் அதில் தெளிவாகத் தெரிகிறது. இன்றைய திட்டத்திலும் அந்தக் கண் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கூலிக்கணக்கு தேடுவதில் தவறில்லை.

பதிவு 9: ஈஸ்ட்ஹாம் தமிழச்சி

தானியங்கிப் பதிலைப் பற்றி எழுதியது சற்றுக் கசப்பாக வந்துவிட்டது. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பப்ளிக் ஆக்ட்ஸ் லண்டன் நடுவிலேயே நின்றுவிடவில்லை. 2019-இல் ஹார்ன்சர்ச் குவீன்ஸ் தியேட்டரிலும், 2022-இல் டான்காஸ்டரின் காஸ்ட் அரங்கிலும் நாடகம் போட்டார்கள். 2023-இல் ‘ஒடிஸி’யை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார்கள்: ஸ்டோக், டான்காஸ்டர், ட்ரோபிரிட்ஜ், சண்டர்லாந்து என்று நான்கு ஊர்களில் நான்கு பகுதிகள், ஐந்தாவது மட்டும் லண்டன் ஒலிவியரில். ஊருக்கு ஒரு பகுதி என்றால், அந்த ஊர் அரங்கத்தின் ஊழியர்களே மக்களோடு பழகுகிறார்கள். லண்டன்காரர் மூட்டை கட்டிப் போனபின்னும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். என் நான்காவது கேள்விக்கு நான் கண்ட ஓரளவு நல்ல பதில் இது.

எங்கள் பகுதியில் நின்றுபோன குழுவில் பதினோரு பேர் இன்னும் கூடுகிறோம். அரங்கம் இல்லை, நூலகத்தின் பின்னறை, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி இல்லை, காலை பத்து மணி. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் அது என்பதை எந்த ஒருங்கிணைப்பாளரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களே வைத்துக்கொண்டோம். நின்றுபோன நான்கு தாய்மாரில் மூவர் திரும்பிவிட்டார்கள்.

பதிவு 10: கூலிக்கணக்கு

பின்னறையில் விளக்கு எப்படி? பழைய சிறு விளக்குகள் நான்கு என்னிடம் சும்மா கிடக்கின்றன. நான் இருப்பது லெஸ்டரில்; தூரம் பெரிதில்லை. தனிமடலில் முகவரி அனுப்புங்கள் தங்கச்சி. ரயில் காசை நீங்கள் தரவேண்டும், கொள்கையை விட்டுவிட முடியாது.